பற்கூழைக் காக்கும் மருந்தும் ஆசிரியர் காக்கும் காலமும்

(தஞ்சாவூர் மாவட்டக் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் என்னிடம் ஒரு மருத்துவச் சீட்டைக் காட்டினார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குப் பல் மருத்துவர் எழுதிக் கொடுத்தது. "கீழ்க் கடைவாய்ப்பல், பற்கூழ் வெளிப்பட வாய்ப்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு அல்லது எம்.டி.ஏ." என்ற பொருளில் இரண்டு வரிகள் இருந்தன. அந்தப் பிள்ளையின் தந்தை மருத்துவரிடம் கேட்காமல் நேராகப் பள்ளிக்கு வந்து, "எது நல்லது டீச்சர்? பேசாமல் பிடுங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். நம் ஊர்களில் இது புதிதல்ல. வங்கிப் படிவம் முதல் மருத்துவச் சீட்டு வரை பெற்றோர் நம்மிடம்தான் கொண்டுவருகிறார்கள். எந்த மருந்தை வைப்பது என்பது பல் மருத்துவர் எடுக்கும் முடிவு. அந்த முடிவு எதைப் பொறுத்தது என்று நமக்குத் தெரிந்திருந்தால், "பிடுங்கிவிடலாமா" என்ற கேள்விக்கு ஒரு பொறுப்பான பதிலைச் சொல்ல முடியும். அதற்காகவே இன்றைய தலைப்பு.

முதலில் பல்லின் அமைப்பை நினைவுபடுத்திக்கொள்வோம். வெளியே எனாமல். உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதற்குள் டென்டைன். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான பற்கூழ். வகுப்பில் படம் வரையும்போது பற்கூழை நடுவில் ஒரு சிவப்புப் பகுதியாகக் காட்டிவிட்டு, "வலியை உணரும் இடம்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்கு உண்டு. டென்டைனை உருவாக்குவது பற்கூழின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் செல்கள்தான். பல் ஈறைத் துளைத்து வெளியே தெரியும்போது அதன் வேர் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. நுனி அகலமாகத் திறந்திருக்கும், சுவர் மெல்லியதாக இருக்கும். அந்த வேர் நீண்டு, சுவர் தடித்து, நுனி குறுகி முடிய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை பற்கூழ் உயிரோடு இருக்க வேண்டும்.

இப்போது நம் வகுப்பறைகளைப் பாருங்கள். முதல் நிலையான கடைவாய்ப்பல் ஆறு வயதில், அதாவது ஒன்றாம் வகுப்பில் முளைக்கிறது. அதன் வேர் முடிவது ஒன்பது, பத்து வயதில். மேல் நடு வெட்டுப்பற்கள் ஏழு, எட்டு வயதில் முளைத்து, பத்து வயது வாக்கில் வேர் முடிகின்றன. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நம் கண்முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் மிக முக்கியமான பற்கள் வேர் வளர்ந்துகொண்டிருக்கும் பற்கள்.

ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லுக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. அது எந்தப் பால் பல்லும் விழுந்த இடத்தில் முளைப்பதில்லை. பால் பற்களின் வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கிறது. பல் விழாமல் முளைத்ததால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே எண்ணுகிறார்கள். சொத்தை விழுந்தால், "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது.

சொத்தை ஆழமாகப் போனாலோ, அடிபட்டுப் பல் உடைந்தாலோ பற்கூழ் வெளியே தெரியும். உடைந்த பல்லின் நடுவில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளி தெரிந்தால் அதுவே பற்கூழ். அந்தத் திறப்பின்மேல் ஒரு பொருளை வைத்து மூடி, உள்ளே இருப்பதை உயிரோடு காப்பாற்றும் சிகிச்சையைப் பற்றித்தான் அந்தச் சீட்டில் எழுதியிருந்தது.

இந்த முயற்சி பழையது. 1756-இல் பெர்லினைச் சேர்ந்த பிலிப் பாஃப் என்ற பல் மருத்துவர் வெளிப்பட்ட பற்கூழின் மீது மெல்லிய தங்கத் தகட்டை வைத்து மூடுவதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு ஏறத்தாழ 150 ஆண்டுகள் பலரும் பலவற்றை வைத்துப் பார்த்தார்கள். திறந்த பற்கூழ் செத்த பற்கூழ்தான் என்ற எண்ணமே வலுத்தது. 1920-களில் ஜெர்மனியின் ஹெர்மன் என்ற பல் மருத்துவர் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். அதை வைத்த இடத்தில் பற்கூழ் தனக்குத்தானே ஒரு புதிய டென்டைன் சுவரைக் கட்டிக்கொண்டது தெரியவந்தது.

கால்சியம் ஹைட்ராக்சைடு நமக்கு அந்நியமானதல்ல. சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் சூடேறிப் பொங்கி நீறுகிறதே, அந்த நீற்றுச் சுண்ணாம்புதான். கும்பகோணம் வெற்றிலையில் தடவுவதும் அதுதான். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கிளிஞ்சலைச் சுட்டு எடுப்பதும், பொங்கலுக்குச் சுவரில் அடிப்பதும் அதுதான். வலிமையான காரம். அதன் பி.எச். மதிப்பு 12-க்கு மேல். அந்தக் காரத்தன்மையில் கிருமிகள் வாழ முடியாது. பற்கூழைத் தொடும் இடத்தில் மெல்லிய ஓர் அடுக்கு கருகும். அதற்குக் கீழே உள்ள செல்கள் தூண்டப்பட்டு, சில வாரங்களில் டென்டைன் பாலம் ஒன்றைக் கட்டத் தொடங்கும். விலையும் குறைவு. அதனால் பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் முதல் தேர்வாக இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். பல் மருத்துவர் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு தூய்மையாகத் தயாரிக்கப்பட்டது. ஊசிமுனை அளவு, அந்த ஒரு புள்ளியில் மட்டும் வைக்கப்படுவது. வெற்றிலைப் பெட்டியில் உள்ள சுண்ணாம்பைச் சொத்தைக் குழியில் அப்பினால் ஈறும் கன்னமும் வெந்து புண்ணாகும். பாடம் நடத்தும்போது, "பல்லுக்குச் சுண்ணாம்பு மருந்து" என்று நாம் சொன்னதை ஒரு பிள்ளை வீட்டில் செய்து பார்த்துவிடக் கூடாது. அதையும் சேர்த்துச் சொல்லித்தான் இந்த எடுத்துக்காட்டைப் பயன்படுத்த வேண்டும்.

சுண்ணாம்புதான் பற்கூழைக் குணமாக்குகிறதா, அல்லது வேறு ஏதாவதா? இந்தக் கேள்விக்கு 1965-இல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் விடை கண்டார்கள். இரண்டு வகை எலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று சாதாரணமாக வளர்ந்த எலிகள். மற்றொன்று பிறந்ததிலிருந்தே கிருமி எதுவும் படாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகள். இரண்டு வகைக்கும் பல்லில் துளையிட்டுப் பற்கூழைத் திறந்து, எதையும் வைக்காமல் அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளின் பற்கூழ் அழுகிச் செத்தது. கிருமியற்ற எலிகளின் பற்கூழோ, துளைக்குள் உணவுத் துகள்கள் அடைத்துக் கிடந்தபோதும், எந்த மருந்தும் இல்லாமல் புதிய டென்டைன் பாலத்தைக் கட்டி ஆறிக்கொண்டது.

அறிவியல் ஆசிரியர்கள் கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்று விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. மாறியது ஒன்றே ஒன்று: கிருமி. பற்கூழுக்குத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் ஆற்றல் உண்டு. அதைக் கெடுப்பது கிருமி. ஆகவே மூடும் பொருளின் முதல் வேலை, கிருமி உள்ளே வராமல் தடுப்பது. வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டால் எந்த மண்ணைப் போடுகிறோம் என்பது முக்கியம்தான். எவ்வளவு சீக்கிரம் அடைக்கிறோம், அடைத்த இடம் கசியாமல் நிற்கிறதா என்பவை அதைவிட முக்கியம். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கசிவு என்ற இடத்தில்தான் சுண்ணாம்பின் குறை தெரிந்தது. அது பல்லோடு ஒட்டிக்கொள்வதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லக் கரைகிறது. அதற்குக் கீழே உருவாகும் டென்டைன் பாலத்திலும் நுண்ணிய துளைகள் இருப்பதைக் கண்டார்கள். மேலே வைத்த நிரப்பு எங்காவது கசிந்தால், கிருமி அந்தத் துளைகள் வழியே இறங்கிவிடும்.

அடுத்த அடி 1993-இல் வந்தது. கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மஹ்மூத் தொராபிநெஜாத் குழுவினர் மினரல் டிரையாக்சைடு அக்ரிகேட் என்ற பொருளை அறிமுகப்படுத்தினார்கள். சீட்டில் இருந்த எம்.டி.ஏ. இதுதான். பெயர் பெரிது, பொருள் பழக்கமானது. அதில் ஏறத்தாழ 75 விழுக்காடு போர்ட்லாண்ட் சிமெண்ட். 1824-இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றாரே, அதே வகைச் சிமெண்ட். எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்காக 20 விழுக்காடு பிஸ்மத் ஆக்சைடு, மீதி ஜிப்சம். கொள்ளிடத்திற்கு வடக்கே அரியலூர்ச் சீமையில், ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலத்தின் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் அங்குள்ள ஆலைகள் சிமெண்ட் செய்கின்றன. டால்மியாபுரம் ஆலை 1939 முதல் அதைச் செய்துவருகிறது. பல் சிமெண்டும் அதே குடும்பம்தான். ஆனால் கட்டடச் சிமெண்டில் உடலுக்கு ஆகாத உலோகங்கள் கலந்திருக்கலாம் என்பதால், பல்லுக்கானதைத் தனியே தூய்மையாகத் தயாரிக்கிறார்கள்.

சிமெண்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மதகு கட்டும் கொத்தனாரைக் கேளுங்கள். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, நீரைக் குடித்து இறுகுகிறது. அதனால் ஈரத்திலும் இறுகும். வாயும் பற்கூழும் எப்போதும் ஈரமானவை. மற்ற பல நிரப்புப் பொருள்களுக்கு ஈரம் பகை. இதற்கு ஈரம் துணை. இன்னொன்றும் உண்டு. சிமெண்டில் உள்ள டிரைகால்சியம் சிலிகேட் நீருடன் வினைபுரிந்து இறுகும்போது வெளிப்படும் பொருள்களில் ஒன்று கால்சியம் ஹைட்ராக்சைடு. அதாவது ஹெர்மன் வைத்த அதே சுண்ணாம்பு இங்கேயும் பற்கூழுக்குக் கிடைக்கிறது. வேறுபாடு என்னவென்றால், இது கரையாத, கசியாத சுவருக்குள்ளிருந்து மெதுவாகக் கிடைக்கிறது.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பரிசோதனைக்கூடத்தில் அல்லாமல், சாதாரணப் பல் மருத்துவர்களின் சிகிச்சையகங்களில் 376 பேருக்குச் செய்து பார்த்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தவற்றில் தோல்வி ஏறத்தாழ 31 விழுக்காடு. எம்.டி.ஏ. வைத்தவற்றில் ஏறத்தாழ 20 விழுக்காடு. இந்த எண்களை இரண்டு பக்கமிருந்தும் படிக்க வேண்டும். புதிய பொருள் மேலானது. அதே சமயம், பழைய சுண்ணாம்பை வைத்தவர்களிலும் மூவரில் இருவருக்குப் பல் நிலைத்தது. "விலையுயர்ந்த மருந்து வாங்க முடியாது, ஆகவே பிடுங்கிவிடலாம்" என்ற முடிவுக்கு இதில் எந்த ஆதரவும் இல்லை.

எம்.டி.ஏ.வுக்கும் குறைகள் உண்டு. இறுகி முடிய ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஏழு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் வாயைத் திறந்திருக்குமா? பெரும்பாலும் தற்காலிகமாக மூடி அனுப்பி, இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். அதிலுள்ள பிஸ்மத் காலப்போக்கில் பல்லைக் கருநிறமாக்கும். கடைவாயில் அது தெரியாது, முன்பல்லில் தெரியும். 2010 வாக்கில் பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்று பயோடென்டைன் என்ற பெயரில் கொண்டுவந்த பொருளில் பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு இருக்கிறது. கால்சியம் குளோரைடு சேர்ப்பதால் 12 நிமிட அளவில் இறுகிவிடுகிறது. ஒரே நாளில் வேலை முடியும். விலைதான் கூடுதல்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, அந்தச் சீட்டை எழுதிய மருத்துவர் மனத்தில் என்னென்ன கேள்விகள் ஓடியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். பால் பல்லா, நிலைப் பல்லா? வேர் முடிந்ததா, வளர்கிறதா? திறந்தது சொத்தையாலா, அடிபட்டதாலா? இரத்தம் சில நிமிடங்களில் நிற்கிறதா? நின்றால் பற்கூழ் பெரும்பாலும் நலமாக இருக்கிறது என்று பொருள். நிற்காவிட்டால் அழற்சி ஆழமாகப் போயிருக்கிறது. மேற்பகுதிப் பற்கூழைச் சிறிதளவு அகற்றிவிட்டு, அதற்குக் கீழே நலமான இடத்தில் மருந்தை வைக்க வேண்டியிருக்கும். முன்பல்லா, பின்பல்லா? பிள்ளை எவ்வளவு நேரம் ஒத்துழைக்கும்? மேலே கசியாத நிரப்பு வைக்க முடியுமா? கடைசியாக ஒரு கேள்வி: இந்தக் குடும்பம் மறுபடியும் வருமா? கடைசிக் கேள்விக்கான விடை மருத்துவரிடம் இல்லை. பல நேரங்களில் அது நம்மிடம் இருக்கிறது.

பால் பற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொத்தையால் பற்கூழ் திறந்த பால் பல்லில், திறப்பின்மேல் மட்டும் மருந்து வைத்து மூடுவதைவிட, மேற்பகுதிப் பற்கூழை அகற்றி வேர்ப்பகுதியை மட்டும் காப்பாற்றும் முறையையே பெரும்பாலும் கையாளுகிறார்கள். "விழப்போகிற பல்லுக்கு எதற்கு இவ்வளவு?" என்று பெற்றோர் கேட்பார்கள். பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவை பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கின்றன. முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, வரிசை கோணலாகும். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றை இங்கே சொல்கிறேன். எங்கள் வளாகத்திலேயே தொடக்கப் பள்ளியும் இருக்கிறது. நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் இடைவேளையில் ஓடிவந்து அடிபம்பில் மோதினான். மேல் நடுப்பல் குறுக்காக உடைந்தது. நடுவில் சிவப்புப் புள்ளி. வாயைச் சுத்தமான நீரில் கொப்பளிக்கச் செய்து, உடைந்த துண்டைத் தேடி எடுத்து, எதிர்த்த டீக்கடையிலிருந்து வாங்கிய காய்ச்சாத பாலில் போட்டுவைத்தோம். வயலில் இருந்த தாய்க்கு ஆள் அனுப்பினோம். குறுவை அறுவடைக் காலம் அது. வந்தவர் பையனைப் பார்த்துவிட்டு, "விழுந்து மொளைக்கிற பல்லுதானே டீச்சர்? அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அறுப்பு நாளில் ஒரு நாள் கூலி போனால் அந்த வீட்டில் அது தெரியும். "இது விழுந்து முளைச்ச பல்லும்மா. இனிமே முளைக்காது. உள்ளே வேர் இன்னும் வளர்ந்துகிட்டிருக்கு. இன்னிக்கே மூடினா வேர் வளரும்" என்று சொன்னேன். சற்று நின்று யோசித்தார். பிறகு கைகாலைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

மருத்துவர் பற்கூழின் மேற்பகுதியை மிகச் சிறிதளவு அகற்றிவிட்டு, மருந்து வைத்து மூடினார். இந்த முறையைச் சுவீடனின் மியோமிர் ஸ்வெக் 1978-இல் விரிவாக எழுதினார். அடிபட்டு உடைந்த 60 முன்பற்களுக்கு அவர் செய்ததில் 96 விழுக்காடு ஆறின. அவர் பயன்படுத்தியதும் நம் கால்சியம் ஹைட்ராக்சைடுதான். அந்தப் பற்களில் சில, அடிபட்டுப் பல நாட்கள் கழித்து வந்தவை. "இரண்டு நாள் ஆகிவிட்டது, இனிப் போய் என்ன பயன்" என்று யாராவது சொன்னால், போகச் சொல்லுங்கள். முன்னே போவது நல்லது. தாமதமாகப் போவதும் போகாமல் இருப்பதைவிட நல்லது.

அந்தப் பையனுக்கு ஆறு மாதத்தில் மறுபரிசோதனை என்று எழுதியிருந்தது. அந்தத் தேதி தாளடி அறுவடைக்குள் வந்து விழுந்தது. அவன் வகுப்பாசிரியர் தன் நாட்குறிப்பில் தேதியைக் குறித்துவைத்து, முதல் வாரமே தாய்க்கு நினைவூட்டினார். அறுவடை முடிந்த வாரம் போய்வந்தார்கள். எக்ஸ்ரே படத்தில் வேர் நீண்டிருந்தது, நுனி குறுகத் தொடங்கியிருந்தது. இன்னும் ஓர் ஆண்டு பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். முடிந்துவிட்டது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் எண்ணவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, வலியின் மொழியைக் கற்றுக்கொள்வது. குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்று வலித்து உடனே நின்றால், பற்கூழ் உயிரோடு இருக்கிறது; காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். தானாகவே வலித்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, நிலைமை முற்றிக்கொண்டிருக்கிறது. வாரக்கணக்கில் வலித்த பல் திடீரென்று வலியில்லாமல் போனால் பெற்றோர் மகிழ்கிறார்கள். அது பல நேரங்களில் நல்ல செய்தி அல்ல. உள்ளே பற்கூழ் செத்ததால் நின்ற வலியாக இருக்கலாம். பிறகு ஈறில் பரு போலச் சீழ்க்கட்டி வரும். மதிய உணவின்போது பாருங்கள். ஒரு பக்கமே மெல்லும் பிள்ளை, சோற்றை விழுங்க நேரம் எடுக்கும் பிள்ளை, கன்னத்தில் கைவைத்தபடி பாடம் கேட்கும் பிள்ளை: இவர்களைக் கவனமில்லாதவர்கள் என்று எழுதிவிடும் முன் வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கைவைத்தியத்தை நிறுத்துவது. புகையிலைத் துண்டு, கற்பூரம், வெற்றிலைச் சுண்ணாம்பு எதையும் குழியில் வைக்கக் கூடாது. கிராம்பு எண்ணெயைப் பற்றிப் பெற்றோர் வாதிடுவார்கள். அதிலுள்ள யூஜினாலைப் பல் மருத்துவர்களும் பயன்படுத்துவது உண்மை. ஆனால் திறந்த பற்கூழின்மீது நேரடியாக அதை வைப்பதில்லை. அங்கே அது அழற்சியை நீட்டிக்கும். வலியை மரத்துப்போகச் செய்து, மருத்துவரிடம் போகும் நாளைத் தள்ளிப்போடுவது அதைவிடப் பெரிய தீங்கு.

மூன்றாவது, அடிபட்ட பல். உடைந்தால் துண்டை எடுத்து வையுங்கள். நிலைப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல், வாயில் வெளியே தெரியும் பகுதியைப் பிடித்து எடுத்து, தேய்க்காமல், பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேருங்கள். விழுந்தது பால் பல்லானால் அதைத் திரும்ப வைப்பதில்லை. பிள்ளையை மட்டும் காட்டினால் போதும்.

நான்காவது, இருக்கும் திட்டத்தைப் பயன்படுத்துவது. 2013 முதல் நடைபெறும் ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் மருத்துவக் குழு ஆண்டுதோறும் நம் பள்ளிகளுக்கு வருகிறது. அவர்கள் பார்க்க வேண்டிய 30 நிலைகளில் பல் நோயும் ஒன்று. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான வாய்களைப் பார்க்கும் அவர்களிடம், "இந்த ஆறு பேரை முதலில் பாருங்கள்" என்று ஒரு பட்டியலை நாம் நீட்டினால் அவர்களுக்கும் உதவி. மேல் சிகிச்சைக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. டெல்டாவின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1980-இல் தொடங்கி இன்று அரசுக் கல்லூரியாக இயங்கும் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெற்கே இருப்பவர்களுக்குப் புதுக்கோட்டையில் 2023-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பரிந்துரைச் சீட்டு கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. போனார்களா, மறுபரிசோதனைத் தேதி எது என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

இனி வகுப்பறைக்கு வருவோம். அமிலங்கள், காரங்கள் பாடத்தில் சுண்ணாம்புத் தெளிநீரில் மூச்சுக் காற்றை ஊதி, பால் போல மாறுவதைக் காட்டுகிறோம். அப்போது, "பல் மருத்துவர் சுண்ணாம்பு மருந்தின் மூடியை ஏன் உடனே மூடுகிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு பட்டால் கால்சியம் கார்பனேட்டாகி வீரியம் இழக்கும் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். சிமெண்ட் பாடத்தில், சிறிதளவு சிமெண்டை ஆசிரியரே கையுறை அணிந்து குழைத்து இரண்டு மூடிகளில் வைத்து, ஒன்றை நீருக்குள் அமிழ்த்தி மறுநாள் எடுத்துக் காட்டுங்கள். நீருக்குள் இருந்ததும் இறுகியிருக்கும். சிலிகேட் என்றால் என்ன என்று கேட்டால் நெல் உமியைக் காட்டுங்கள். உமியை எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. சுண்ணாம்பும் சிலிக்காவும் சேர்ந்ததுதான் டிரைகால்சியம் சிலிகேட். பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கும் இரண்டு பொருள்களின் கூட்டு அவர்கள் பல்லையே காப்பாற்றுகிறது என்று தெரிந்தால் அந்தப் பாடம் மறக்காது.

தந்தையின் கேள்விக்கு நான் அந்த ஆசிரியையிடம் சொன்ன பதில் இதுதான்: "இரண்டு மருந்தும் நல்லதுதான், இரண்டாவது கொஞ்சம் கூடுதல் நல்லது, எது கிடைக்கிறதோ, எது கட்டுப்படியாகிறதோ, அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பிடுங்க வேண்டாம். இந்த வாரமே போகச் சொல்லுங்கள். மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்டுவரச் சொல்லுங்கள்."

பொருளைத் தேர்ந்தெடுக்கும் அறிவு மருத்துவரிடம் இருக்கிறது. எந்தப் பொருளுக்கும் வேலை செய்ய உயிருள்ள பற்கூழ் வேண்டும். பற்கூழ் உயிரோடு இருக்கும்போதே பிள்ளை அந்த நாற்காலியில் போய் அமர வேண்டும். அந்தச் சில வாரங்கள் நம் வகுப்பறையில்தான் கழிகின்றன. நாளை காலை வருகைப்பதிவு எடுத்து முடித்ததும், ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் நிற்கும் பல்லைப் பாருங்கள். கறுப்புத் தெரிந்தால் பெயரை எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பட்டியலையும், அதில் எத்தனை பேர் மருத்துவரிடம் போய்வந்தார்கள் என்ற எண்ணிக்கையையும் எடுத்துவாருங்கள். நானும் எடுத்துவருகிறேன்.